மெய்க்காப்பாளர் பயிற்சி: பணம் கட்டும் முன்

இந்தியாவில் மெய்க்காப்பாளருக்கு என்று தனி லைசென்ஸ் கிடையாது. ‘அரசு லைசென்ஸுடன் பாடிகார்டு கோர்ஸ்’ என்று ஒரு பயிற்சி மையம் விளம்பரம் செய்தால், அது இல்லாத ஒன்றை விற்கிறது. திருவனந்தபுரத்து இளைஞர்களும், எல்லை தாண்டி அங்கே படிக்கப் போகும் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளும் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

லைசென்ஸ் யாருக்கு?

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. துறையில் இருப்பவர்கள் இதைப் ‘பசாரா’ என்பார்கள். இந்தச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டியது ஏஜென்சிதான். மாநில உள்துறையில் இணைச் செயலர் பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி அதை வழங்குகிறார். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000 ரூபாய், மாநிலம் முழுவதற்கும் 25,000 ரூபாய். லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும். அது இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேரளம் 2010-இல் தனக்கான விதிகளை வகுத்துக்கொண்டது. மத்திய உள்துறை 2020 டிசம்பரில் புதிய மாதிரி விதிகளை வெளியிட்டது. வேலைக்கு எடுக்கும் ஆளின் பின்னணியைக் காவல்துறையின் மின்னணுக் குற்றப் பதிவுகளை வைத்துச் சரிபார்க்க அந்த விதிகள் வழி செய்தன.

அடுக்குமாடி வாசலில் நிற்பவர் வேறு, தொழிலதிபரின் தோளருகே நடப்பவர் வேறு என்ற பிரிவினை இந்தச் சட்டத்தில் இல்லை. ஆளைக் காத்தாலும் சொத்தைக் காத்தாலும் அதன் கணக்கில் எல்லாமே தனியார் பாதுகாப்புதான். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த எஸ்.ஐ.ஏ. என்ற அமைப்பு தனி நபருக்கே லைசென்ஸ் தருகிறது. அதில் மெய்க்காப்பாளருக்கென்று தனி வகை உண்டு. அதற்கான தகுதித் தேர்வில் தேறி, முதலுதவிச் சான்றையும் கையில் வைத்திருப்பவர்தான் அங்கே விண்ணப்பிக்க முடியும். ‘சர்வதேசத் தரம்’ என்ற பெயரில் சில மையங்கள் இந்த இரண்டு முறைகளையும் கலந்து பேசுவதால்தான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள்.

ஆகவே இங்கே படிப்பவர் கைக்கு வருவது ஒரு பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே. அதற்கு மதிப்பு வர இரண்டு வழிகள் உண்டு. காவலாளியாக வேலைக்குச் சேரச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சியை அது நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால், அந்தக் குறைந்தபட்சத்தை ஏற்கெனவே முடித்தவருக்கு அதற்கு மேல் உண்மையான திறமை எதையாவது கற்றுத்தர வேண்டும். இரண்டும் இல்லாத படிப்புக்கு எவ்வளவு குறைந்த கட்டணம் கேட்டாலும் அது நஷ்டம்தான்.

160 மணி நேரக் கணக்கு

மாதிரி விதிகள் கேட்பது 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும். இவை குறைந்தது 20 வேலை நாட்களுக்குப் பரவியிருக்க வேண்டும். அதாவது நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 20 நாள் முழுதாக நடந்தால்தான் 160 மணி நேரம் தேறும். முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவலர்களுக்கும் சுருக்கப் பயிற்சி உண்டு: 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 7 வேலை நாட்கள். ராணுவத்திலோ காவல்துறையிலோ இல்லாத ஒருவருக்கு ‘ஏழே நாளில் சான்றிதழ்’ என்று யாராவது சொன்னால், முன்னாள் படைவீரருக்கான சலுகையை அவருக்கும் சேர்த்து விற்கிறார்கள். மாலை வேளையில் இரண்டு மணி நேரம் மட்டும் நடக்கும் வகுப்பு என்றால் 160 மணி நேரம் முடிய 80 நாள் ஆகும். விளம்பரத்தில் உள்ள நாட்களை நேரத்தால் பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பலர் அதைச் செய்வதில்லை.

பாடங்களின் பட்டியலும் விதிகளிலேயே இருக்கிறது. பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, சீருடையைச் சரியாக அணிவது, உடற்பயிற்சி, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், பாஸ்போர்ட் உள்ளிட்ட அடையாள ஆவணங்களைச் சோதிப்பது, நாட்டு வெடிகுண்டு போன்றவற்றை அடையாளம் காண்பது, முதலுதவி, பேரிடர் மேலாண்மை, தற்காப்பு உரிமை, காவல் நிலையத்தில் புகார் பதியும் முறை, ராணுவத்திலும் போலீஸிலும் பதவிச் சின்னங்களை அறிவது என்று நீள்கிறது. துப்பாக்கியைக் கையாள்வது ஆயுதக் காவலருக்கு மட்டும் கட்டாயம். தற்காப்பு வாகன ஓட்டம் கவச வாகன ஓட்டுநருக்கு மட்டும் கட்டாயம். மற்றவர்களுக்கு இரண்டும் விருப்பப் பாடங்கள்.

உடல் தகுதியையும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 150. ஆண்களுக்கு மார்பளவு 80 சென்டிமீட்டர், விரித்தால் 4 சென்டிமீட்டர் கூட வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது; தட்டைப் பாதமும் முட்டி தட்டும் கால்களும் இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 65 நிறையாமல் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரையும், படையிலோ காவல்துறையிலோ ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவரையும் எந்த ஏஜென்சியும் எடுக்கக் கூடாது. நிறக்குருடு உள்ள ஒரு பையனிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, சேர்க்கும்போது கண்ணைச் சோதிக்காமல் விட்ட மையம் அவனுக்கு அநியாயம் செய்திருக்கிறது. சேர்க்கைக்கு முன்பே அளவெடுக்கும், ஓடவிட்டுப் பார்க்கும், மருத்துவச் சான்று கேட்கும் மையத்தைக் கண்டால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. பயிற்சி முடித்தவர்களின் பட்டியலைப் பயிற்சி நிறுவனம், லைசென்ஸ் வழங்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. அந்த அதிகாரியின் தரப்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது மையத்தில் ஆய்வு நடக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ‘போன பேட்ச் பட்டியலை உள்துறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் காட்ட முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துபவர் கோப்பை எடுத்து மேசையில் வைப்பார். திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் தருகிறோம் என்று சொல்லும் மையமானால், தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அந்தப் படிப்பின் குறியீட்டு எண் என்ன, சான்றிதழ் தரும் அமைப்பு தொழிற்கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்க வேண்டும். 

மெய்க்காப்பின் பாடம் எங்கே இருக்கிறது?

மேலே சொன்ன 160 மணி நேரத்தில் தனிநபர் பாதுகாப்பு ஓர் ஓரத்தில்தான் வருகிறது. ஒருவரை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும், அங்கிருந்து மேடைக்கும், திரும்ப வீட்டுக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனிக் கலை. அதற்கென்று நடத்தும் உயர்நிலைப் படிப்பின் மதிப்பை இங்கேதான் எடை போட வேண்டும். விளம்பரப் படங்களில் கறுப்புக் கோட்டும் கூலிங் கிளாஸும் தெரியும். வேலையின் பெரும்பகுதி படத்தில் தெரியாதது. அது முன்னேற்பாடு.

திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து ஒரு தொழிலதிபர் வருகிறார், கோவளத்தில் தங்குகிறார், மறுநாள் தலைமைச் செயலகத்தில் சந்திப்பு. இது ஒரு நல்ல பயிற்றுநர் கொடுக்கக்கூடிய பயிற்சிக் கணக்கு. விமான நிலையத்தின் பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம் இருக்கிறது. உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு எதிர்ப்புறம், சங்குமுகம் கடற்கரை பக்கம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். காரைத் தவறான முனையத்தில் நிறுத்தினால் வந்தவர் தனியாக நிற்பார். ஆண்டுக்கு இரண்டு முறை, ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும், பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. அந்த மாலையில் சில மணி நேரம் விமானங்களே இயங்காது. மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் வந்தால் நகரத்துச் சாலைகள் முழுக்க அடுப்புகள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாக கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அன்றைக்குக் கிழக்கே கோட்டை வழியாகக் கார் போகும் என்று திட்டம் போட்டவர் வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. நெஞ்சுவலி வந்தால் எந்த இடத்திலிருந்து எந்த மருத்துவமனை பக்கம், மருத்துவக் கல்லூரிக்குப் போகும் உள்ளூர்ச் சாலையில் அந்த நேரத்தில் நெரிசல் எப்படி, மாற்று வழி எது, இவற்றை ஒரு தாளில் எழுதிக் காட்ட வைக்கும் பயிற்சிதான் பணத்துக்குத் தகுந்தது.

காரில் ஏறி இறங்குவதும் பலமுறை செய்து பழக வேண்டிய பாடம். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் இருப்பதால், மெய்க்காப்பாளர் முன்னால் இடது இருக்கையில் உட்கார்வார். காக்கப்படுபவர் அவருக்கு நேர் பின்னால், நடைபாதைப் பக்கமாக. வண்டி நின்றதும் மெய்க்காப்பாளர் முதலில் இறங்கி, கையைக் காலியாக வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பின்கதவைத் திறக்க வேண்டும். ஓட்டுநர் இஞ்சினை அணைக்கக் கூடாது. வண்டி உடனே நகர, முன்னால் தடையில்லாத இடைவெளி இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அற்பமான இந்த ஐந்தாறு அசைவுகள் பதற்றத்திலும் பிசகாமல் வர, வெயிலிலும் மழையிலும், கூட்டத்தைப் போல நடிக்கும் சக மாணவர்களுக்கு நடுவிலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பயிற்சி மையத்தில் அதற்கு ஒரு கார்கூட இல்லையென்றால் இந்தப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடும்.

முன்னேற்பாடு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி இருக்கிறது. 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தெருவில் பேசிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். முதல் குண்டு அவர்மீது படவில்லை. அடுத்த குண்டு வர மூன்று நொடிகூட ஆகவில்லை. அந்த இடைவெளியில் யாரும் அவரைக் கீழே இழுத்து மறைக்கவில்லை. அடுத்த மாதமே ஜப்பானின் தேசியக் காவல் முகமை வெளியிட்ட அறிக்கை, அவருக்குப் பின்புறம் கவனிப்பாரின்றி விடப்பட்டதையும், அதே இடத்தில் முன்பு நடந்த வேறொரு தலைவரின் கூட்டத்துக்குப் போட்ட திட்டத்தை அப்படியே பின்பற்றியதையும் குறையாகச் சொன்னது. அதன் தலைவர் பதவி விலகினார். உலகின் ஒழுங்கான காவல்துறைகளில் ஒன்றுக்கே இது நேர்ந்தது என்றால், சண்டைப் பயிற்சியை மட்டும் காட்டிக் கட்டணம் வாங்கும் மையம் எதைக் கற்றுத்தரும்?

கூட்டத்தைக் கையாள்வதும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஹைதராபாத் சந்தியா திரையரங்கு நெரிசலில் ஒரு பெண் இறந்த பிறகு, பொதுமக்களைத் தள்ளும் பவுன்சர்கள் மீதும் அவர்களை அனுப்பும் ஏஜென்சிகள் மீதும் நடவடிக்கை பாயும் என்று அந்நகரக் காவல் ஆணையர் எச்சரித்தார். 2025 ஆகஸ்டில் மதுரையில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில், மேடை நடைபாதையில் ஏறிய இளைஞரைத் தூக்கி வீசியதாக வந்த புகாரில் பவுன்சர்கள் மீது வழக்குப் பதிவானது. வழக்கின் முடிவு எதுவானாலும், ஆர்வத்தில் ஓடிவரும் ரசிகரையும் ஆபத்தானவரையும் பிரித்தறிவதும், காயமின்றி விலக்குவதும் பயிற்சியால்தான் வரும். ‘எத்தனை பேரை அடிக்கலாம்’ என்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரைவிட, ‘அடிக்காமல் எப்படி வெளியே கொண்டுவருவது’ என்று சொல்லிக்கொடுப்பவரிடம் சேர்வது நல்லது.

சட்டமும் முதலுதவியும்

பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தாலே மையம் விழித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை முன்பு 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. இப்போது 34 முதல் 44 வரை. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு மெய்க்காப்பாளருக்கு மிக முக்கியம். தன் கண்முன்னே, ஜாமீனில் வர முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் செய்பவரைத் தனியார் ஒருவரும் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்தவரை அறையில் பூட்டி வைத்து ‘விசாரிக்கும்’ காவலாளி தானே குற்றவாளி ஆகிறார். பழைய எண்களே அச்சான குறிப்பைக் கையில் கொடுக்கும் மையம் மற்ற பாடங்களையும் எப்போது புதுப்பித்தது என்று யோசிக்க வேண்டும்.

முதலுதவிக்கு எத்தனை மணி நேரம் என்று தனியாகக் கேளுங்கள். மெய்க்காப்பாளர் தன் வாழ்நாளில் துப்பாக்கியை எதிர்கொள்ளும் வாய்ப்பைவிட, வயதான முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்க்கும் வாய்ப்பே அதிகம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சை அழுத்த வேண்டும். பொம்மை மேல் மண்டியிட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்று புரியும். பயிற்சிப் பொம்மை எத்தனை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் அதில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு போடக் கற்றுத்தருகிறார்களா என்பவையே சரியான கேள்விகள்.

துப்பாக்கி ஆசை

‘கன் டிரெய்னிங் உண்டு’ என்ற ஒரு வரிக்காகவே கூடுதல் பணம் கட்டுபவர்கள் உண்டு. பசாரா லைசென்ஸ் ஏஜென்சிக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருவதில்லை. அதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தனி லைசென்ஸ் வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்பாக ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. அந்தப் பயிற்சியை யார் தரலாம் என்பதும் அந்த விதிகளுக்கு உட்பட்டது. மெய்க்காப்பாளர் படிப்பில் ஏர்கன்னைப் பிடித்து எடுத்த போட்டோ எந்த அதிகாரியிடமும் செல்லாது. ஆயுதக் காவலராக வேண்டும் என்பவர் முதலில் தனக்கு லைசென்ஸ் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று மாவட்ட நிர்வாகத்திடம் விசாரித்துவிட்டு, பிறகு பயிற்சிக்குப் பணம் செலவழிக்கலாம். ஆயுதமில்லாத மெய்க்காப்பாளருக்கே வேலை வாய்ப்பு அதிகம் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

யார் சொல்லிக்கொடுக்கிறார்?

‘முன்னாள் பிளாக் கேட் கமாண்டோ’ என்ற அடைமொழி விளம்பரங்களில் தாராளமாகக் கிடைக்கும். ‘பிளாக் கேட்’ எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படைக்கு ராணுவத்திலிருந்தும் மத்தியக் காவல் படைகளிலிருந்தும் அயல்பணியில் ஆட்கள் போகிறார்கள். முடிந்ததும் தாய்ப்படைக்கே திரும்புகிறார்கள். ராணுவத்தில் இருந்தவர் என்றால் பணி விடுப்பு ஆவணம் இருக்கும், சைனிக் நலத்துறை கொடுத்த முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இருக்கும். பெருமைப்பட்டுச் சொல்பவர் அவற்றைக் காட்டத் தயங்க மாட்டார். அதைவிட முக்கியமான கேள்வி, அவர் ஆட்களைக் காக்கும் வேலையைச் செய்தாரா, எத்தனை ஆண்டுகள் செய்தார் என்பது. எல்லையில் நின்று போரிட்டவரின் வீரம் பெரிது. ஆனால் ஓட்டல் லாபியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒருவரைக் காப்பது வேறு பழக்கம்.

மையத்துக்குள் நுழைந்ததும் சீருடையைக் கவனியுங்கள். ராணுவத்தின், போலீஸின் சீருடையையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ தனியார் காவலர் அணிந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பசாராவின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. மாணவர்களுக்கு ராணுவப் புள்ளிச் சட்டையைப் போட்டு அணிவகுக்கவிடும் மையம், தான் கற்றுத்தர வேண்டிய சட்டத்தையே படிக்கவில்லை.

பயிற்றுநரின் இன்ஸ்டாகிராமையும் பாருங்கள். காவலில் இருக்கும்போது தெரிந்துகொண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு. நடிகர் எந்த ஓட்டலில் தங்கினார், எந்தக் காரில் போனார் என்று ரீல்ஸ் போடுபவரிடம் ரகசியம் காக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இளைஞர்களுக்குப் பிடிக்காது. காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவலர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. பாங்கோடு ராணுவ முகாம் உள்ள திருவனந்தபுரத்திலேயே, முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்பும் மாநில அரசு நிறுவனமான கெக்ஸ்கானின் தலைமையகமும் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஒரு மாதப் படிப்பை முடித்து வரும் பையன், பதினைந்து ஆண்டு ராணுவத்தில் இருந்தவரோடு போட்டியிட வேண்டும். மெய்க்காப்பாளர் இடத்துக்கு ஏஜென்சிகள் பெரும்பாலும் இரண்டாமவரையே அனுப்பும்.

அதற்காகக் கதவு மூடியிருக்கிறது என்று பொருளில்லை. தொழில்நுட்பப் பூங்கா, ஓட்டல்கள், மருத்துவமனைகள், மால்கள் என்று காவலர் தேவை இந்த நகரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. 160 மணி நேரப் பயிற்சியோடு ஒரு நல்ல ஏஜென்சியில் சேர்ந்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்தவர், அந்த ஏஜென்சியின் மேற்பார்வையாளர் பரிந்துரையோடு மெய்க்காப்புப் பயிற்சிக்குப் போனால் பணம் வீணாகாது. பெண்களுக்கு வாய்ப்பு இதைவிடப் பிரகாசம். பெண் தொழிலதிபருக்கும் வெளிநாட்டுப் பெண் விருந்தினருக்கும் பெண் காவலரே வேண்டும் என்று கேட்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் குறைவு. பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று அவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

கட்டணத்தை மொத்தமாகப் பார்க்காமல் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சீருடை, தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் அதில் அடங்குமா, ரசீது உண்டா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்றால், போன பேட்சில் முடித்தவர்களை எடுத்த ஏஜென்சிகளின் பெயரைக் கேளுங்கள். அந்த ஏஜென்சியின் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். பசாரா லைசென்ஸைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைப்பது அவர்கள் கடமை. கேரள லைசென்ஸ் தமிழ்நாட்டில் செல்லாது என்பதால், நாகர்கோவிலில் வேலை தேடுபவர் அங்கே லைசென்ஸ் உள்ள ஏஜென்சி எது என்று முன்பே பார்த்துவிட வேண்டும். வேலை ஆணையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிய வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாடு என்று சொன்னால்

2024-இன் தொடக்கத்தில் அஞ்சுதெங்கு, பொழியூர் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த செய்தி இந்த மாவட்டத்தையே உலுக்கியது. ரஷ்யாவில் செக்யூரிட்டி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட மீனவக் குடும்பத்து இளைஞர்கள் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். காயத்தோடு சிலர் திரும்பினார்கள். அந்த மார்ச் மாதம் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து திருவனந்தபுரம், மதுரை, சென்னை உட்பட ஏழு நகரங்களில் சோதனை நடத்தியது. நாடு முழுவதும் பலர் இப்படிச் சிக்கியிருந்தது அப்போது தெரிந்தது. காவலாளி வேலை என்ற பெயரில் ஆயுதப் பயிற்சி தருகிறோம் என்று எந்த நாட்டுக்கு யார் அழைத்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வளைகுடா நாடுகளின் கதை வேறு, ஆனால் அங்கேயும் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. துபாயில் காவலராக வேலை பார்க்க சீரா என்ற அரசு அமைப்பின் பயிற்சியையும் தேர்வையும் அங்கே முடிக்க வேண்டும். அபுதாபிக்குத் தனி நடைமுறை. திருவனந்தபுரத்தில் வாங்கிய சான்றிதழ் நேர்காணலுக்கு உதவலாம், அந்தத் தேர்வுக்கு ஈடாகாது. ‘இங்கே படித்தால் துபாயில் நேரடியாக வேலை’ என்று கேட்கும் கூடுதல் கட்டணத்தைத் தர வேண்டியதில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கேட்டால் அது சட்ட விரோதம். சந்தேகம் இருந்தால் தைக்காட்டிலுள்ள, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலோ, நகரத்திலேயே உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ விசாரிக்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன், நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். போன பேட்சில் முடித்த இருவரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். மணி நேர அட்டவணை, உள்துறைக்கு அனுப்பிய பட்டியல், பயிற்றுநரின் பணி ஆவணம், கட்டணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை ஆகியவற்றைக் காட்ட மறுக்கும் மையத்தில், முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.